ஊதா அணு

புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு கணவரின் ரத்தத்தை மனைவியே பரிசோதித்தாள். ஆய்வகத்தில் அதுதான் அவள் வேலை. நூறு வெள்ளையணுக்களில், நோயை எதிர்க்கும் லிம்போசைட் இருபதாவது இருக்க வேண்டும்; ஒன்பதுதான் இருந்தது. எதிர்ப்புச் சக்தி தேறும்வரை மகள்கூட அறைக்குள் போகக் கூடாது என்றார் மருத்துவர்.

மூன்றாவது வாரம் இருபத்தெட்டு வந்தது.

“ஆசையில கூட்டி எண்ணிட்டீங்களாக்கா?” பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

இவள் நுண்ணோக்கியில் மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டேதான். அதில் ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஊதாச் சாயம் ஏற்றிய அணுவுக்கு உயிர் இருக்காது.

“நீயே பாரு.”

“ரோந்து போகுதுக்கா,” என்றாள் மற்றவள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

அறிக்கையில் இவள் இருபத்தெட்டு என்று மட்டும் எழுதினாள். மாலையில் மகள் அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

“வயிறே இல்லியே, பசிச்சா எப்படிப்பா தெரியும்?”

“உங்கம்மா அதட்டுவா.”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் அதே ஸ்லைடில் அந்த அணு இல்லை. அது இருந்த இடத்திலிருந்து கண்ணாடியின் விளிம்புவரை மெல்லிய தடம் இருந்தது.

கணவரிடம் புதிதாக ரத்தம் எடுத்து வேறொரு கண்ணாடியில் தடவினாள். சாயப் புட்டியை இன்னும் திறக்கவில்லை. நிறமற்ற அணுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.