பேட்டரி நாளைக்குத்தான் வரும்

தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் அலறப் போகிறான். அதைக் காதாரக் கேட்காமல் எழுந்திருப்பதாக இல்லை.

பக்கத்தில், சாக்குக்கு அடியில், மின்வேலிப் பெட்டி நொடிக்கு ஒரு தரம் டிக், டிக் என்றது.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் வேலி முழுவதும் தெரிந்தது. இரண்டு விரல் அகல வெள்ளைப் பட்டை, இரண்டு வரிசை. நடுவில் அவளுடைய குதிரை சீமாட்டி, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

ஒரே மாதத்தில் மூன்று முறை அது ரோட்டுக்குப் போயிருந்தது. மூன்று முறையும் அவள் வெளியே போயிருந்த பிற்பகல் நேரம். மூன்று முறையும் கேட்டின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. கடைசி முறை ஒரு லாரிக்காரர் பிரேக்கை ஏறி மிதித்ததால்தான் உயிர் பிழைத்தது.

அன்றைக்கு ராத்திரி கணவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"இன்னொரு தடவை ரோட்டுக்குப் போச்சுன்னா வித்துடலாம்மா. எனக்கு மட்டும் மனசு வருதா, சொல்லு?"

பாவம், அவன் குரல் கம்மிப்போயிருந்தது.

விற்பதா! சீமாட்டியை வைத்துத்தான் பதினோரு பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறாள். அது இருக்கிறவரைதான் அவள் டீச்சர். போய்விட்டால் அந்த வீட்டின் மூத்த மருமகள், அவ்வளவுதான்.

அவள் சந்தேகப்படாத ஆள் இல்லை. பால்காரரைச் சந்தேகப்பட்டாள். பக்கத்து வீட்டு டிரைவரைச் சந்தேகப்பட்டாள். சீமாட்டியையேகூட விட்டுவைக்கவில்லை, உதட்டாலேயே தாழ்ப்பாளைத் தள்ளிவிடும் குதிரைகள் உண்டு. தாழ்ப்பாளில் தேனைத் தடவிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காவல் இருந்தாள். சீமாட்டி தேனைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போனது. தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் சந்தேகம் கொழுந்தன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சீமாட்டி நிற்கிற இடத்தில் கிடங்கு கட்ட அவன் ஒரு ஆளைக் கையோடு வைத்திருந்தான். குதிரை ஒன்றுதான் குறுக்கே நின்றது.

மின்வேலி போட அவள் கூப்பிட்ட வேலிக்காரர் மெல்லிய கம்பியையும் அகலப் பட்டையையும் எடுத்துப் போட்டு, மாட்டுக்குக் கம்பி போதும், குதிரைக்குப் பட்டைதான் என்றார். விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அவரையும் ஒரு பார்வை பார்த்துவைத்தாள். மிரண்டு ஓடுகிற குதிரையின் கண்ணில் கம்பி படாது, உடம்பைக் கிழித்துக்கொண்டுதான் நிற்கும் என்று அவர் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

வாசலுக்கு இனி கேட் கிடையாது. ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. கொக்கியிலிருந்து கழற்றினால் வழி, மாட்டினால் வேலி. விவரம் தெரியாதவர்கள் பட்டையில்தான் கை வைப்பார்கள் என்று சிரித்தார் வேலிக்காரர். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் போடுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்குமாம்.

அவளுக்கு அந்த யோசனை அப்போதுதான் வந்தது.

இன்று காலை அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் வந்து, தலை துவட்டிய ஈரத் துண்டைப் பட்டையில் விரித்துப்போட்டான்.

"என்ன அண்ணி, துணி காயப்போடக் கொடியா இது?"

அவள் மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல், பேட்டரி நாளைக்குத்தான் வரும் என்றாள். மாமியாருக்குக் கேட்கட்டும் என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள். வேலிக்காரர் கிளம்பிப் போனதும் ஒளித்துவைத்திருந்த பேட்டரியைத் தானே மாட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரில் கிளம்பி, அதைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து கொட்டகைக்குள் பதுங்கினாள்.

மூன்று மணிக்கு அவன் வந்தான்.

சந்தேகம் சரியாகிப்போன சந்தோஷத்தில் கண்ணைப் பலகை இடுக்கோடு ஒட்டிக்கொண்டாள். வா ராசா, வா. கையை வை.

மண்டையைப் பிளக்கிற வெயிலில் மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். அவனுக்கு அது அளவு சேராமல் லொடலொடத்தது. சுற்றும்முற்றும் பார்த்தான். வேலிக்கு ஓரடி தள்ளியே நின்று, வயிற்றை எக்கிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினான். பிளாஸ்டிக் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துக் கழற்றினான். பட்டை தன்மேல் படாமல் அதை அலுங்காமல் புல்லில் வைத்தான். இரண்டாவதையும் அப்படியே.

அலறல் வரவில்லை. பெட்டி மட்டும் டிக், டிக் என்றது.

சீமாட்டி தலையைத் தூக்கித் திறந்த வழியைப் பார்த்தது.

அவள் தீவன வாளியைக் குலுக்கினாள். அந்தச் சத்தம் போதும். சீமாட்டி ரோட்டை மறந்து கொட்டகைப் பக்கம் திரும்பியது. கொழுந்தன் வெலவெலத்துப்போய் நின்றான். பிடிபட்ட முகம் அது. எத்தனை நாளாய் அதைப் பார்க்கத் துடித்திருந்தாள்!

இப்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் இதே பட்டையில் துண்டு விரித்தவன் இவன்.

வேலியில் கரண்ட் ஓடுவது வேலிக்காரருக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது. சாப்பிட்டு எழுந்த கணவனுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, அவன் காதில் மட்டும் சொல்லியிருந்தாள்.

கட்டினவன் தெரியாமல் தொட்டுவிடப் போகிறானே, வலிக்குமே என்று.