ஒன்றேகால் மணி நேரம்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியின் கண்ணாடி அறைக்குள் ரோஸ்மேரி நிற்கிறாள். இங்கேயே டெய்லராக இருப்பவள். கொழும்பில் புதிதாகத் திறந்த யூனிட்டுக்கு மெக்கானிக்காக அனுப்பப்பட்ட அவள் புருஷன் ஜெபக்குமார், கரண்ட் அடித்து இறந்து நான்கு நாளாகிறது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். முதலாளி அருள்குமார் காலையில்தான் அங்கிருந்து திரும்பியிருக்கிறார். ஏசிக் காற்றில் அவள் முந்தானை நடுங்குகிறது. வெளியே, அவரோடு விமானத்தில் வந்த சாம்பிள் பெட்டிகளை ஆட்கள் பதனமாக இறக்குகிறார்கள்.

“உடம்பக் கொண்டாந்திருக்கலாமே சார்,” என்கிறாள்.

“அதுக்கு ஏகப்பட்ட பார்மாலிட்டி இருக்குது அம்மிணி.”

செல்போன் ஒலிக்கிறது. கொழும்பு பார்ட்னர். அருள்குமார் எடுத்துப் பேசுகிறார். “நாளான்னிக்கே மறுக்காவும் வர்றனுங்க. தூரமென்னங்க தூரம், சென்னையில ஏறுனா எழுநூறு கிலோமீட்டர் கூட இல்லீங்க. ஒன்னேகால் மணி நேரம். காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறங்கிரலாம்.” சிரிக்கிறார். அவர் சிரித்து முடித்துப் போனை வைக்கும்வரை ரோஸ்மேரி காத்திருக்கிறாள்.

“அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க சார். குழியையாவது பாத்துட்டு வாரேன்.”

“பாஸ்போர்ட் இருக்குதா?”

இல்லையென்று தலையசைக்கிறாள். அவர் முகத்தில் நிம்மதி படர்கிறது.

“அப்பறம் எப்படி?” மேசை மணியை அழுத்துகிறார். “நாளையிலிருந்து லைனுக்கு வந்துரு கண்ணு. ஷிப்மென்ட் நெருங்குது.”

மணி கேட்டு வந்த ஆள், அவள் வெளியே போவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்.