குருவித் தொட்டி

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. செடிகிட்ட வேணாம், பூனை பதுங்கும்."

அண்ணி வழி சொல்ல, அண்ணன் தம் பிடித்துக் கல் தொட்டியை நகர்த்தினான்.

"மெதுவா! இடுப்பு பிடிச்சுக்கிட்டா அப்புறம் உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும்."

சின்னவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை கொடுக்கக்கூட எழுந்திரிக்கவில்லை.

அம்மா போனதிலிருந்து அண்ணனுக்கு இதே பேச்சுதான். அம்மாவுக்குக் குருவின்னா உசிரு, அவங்க ஞாபகமா தோட்டத்தில் ஒரு தண்ணித் தொட்டி வைக்கணும். கடை கடையாக ஏறி இறங்கினான். பளபளப்பானது வேணாம், குருவிக்குக் கால் வழுக்கும். ஆழமானது வேணாம், குஞ்சு முங்கிடும். கடைசியில் சொரசொரப்பாக, ரெண்டு விரல் ஆழத்தில் இது கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல தொட்டிதான்.

"ஏண்டி, உனக்கும்தானே அம்மா? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"நீங்களே பாத்து வைங்கண்ணே."

"அவளை விடுங்க. அவ எதைத்தான் பாத்துப் பாத்துச் செஞ்சா?" அண்ணி விடுவாளா? "அத்தை அவ வீட்ல இருந்தவரைக்கும் தினம் படுக்கை ஈரம். உள்ள நுழைஞ்சாலே மூக்கைப் பிடிக்கணும். நம்மகிட்ட வந்தப்புறம் ஒருநாளாவது நனைஞ்சிருக்குமா?"

உண்மைதான். அம்மா சின்னவளிடம் இருந்தபோது, விடிந்ததும் விரிப்பு அலசுவதுதான் முதல் வேலை. சோப்புத் தண்ணியில் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தது. அப்படியும் நாற்றம் போகவில்லை. 'உனக்குப் பொறுப்பு பத்தாது'ன்னு அண்ணன் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிட்டான். பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு சொந்தக்காரங்க எல்லாரும் மெச்சினார்கள்.

கடைசியாக அவள் பார்க்க வந்தபோது படுக்கை பளிச்சென்று இருந்தது. அம்மா உதடுதான் தோல் உரிந்து கிடந்தது.

"அம்மா ரூம் ஜன்னலுக்கு நேரா வெச்சாச்சு." அண்ணன் குழாயைத் திறந்துவிட்டான். தொட்டி நிரம்பி வழிந்தது. வழியட்டும்னு விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குருவி வந்து விளிம்பில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, குனிந்து குடித்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சின்னவளே, நான் ஊர்ல இல்லாதப்ப நீதான் வந்து ஊத்தணும். பொழுது சாஞ்சாலும் தொட்டி காயக் கூடாது. பாவம், வாயில்லா ஜீவன். தாகம்னா கேக்கவா தெரியும்?"

சின்னவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"அம்மா வாய்விட்டுக் கேட்டாங்களே, அண்ணே. கேட்டப்பல்லாம் நான் கொடுத்தேன், நனைஞ்சுது. பொழுது சாஞ்சா தண்ணியே கிடையாதுன்னு நீங்க சொன்னீங்க, நனையல."