ஒன்றரை மணி அளவு

ஆனந்தமேரி செம்பட்டி சாலையின் உறுதியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஜல்லி ஏற்றிய லாரி நின்றால் ரோடு மயிரிழை அமுங்கும். ரோட்டின்மேல் வைத்த அளவுமானியின் முள் இறங்கும். லாரி நகர்ந்ததும் அடியிலுள்ள அடுக்குகள் எழும்பி, முள் மேலே வரும். அது அசையாமல் நின்ற பிறகுதான் அளவை எழுத வேண்டும்.

முன்பு லாரி ஓட்டியவர் அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ். மதியம் ஒன்றரைக்கு, நகர்த்திய லாரியைப் பின்னுக்கு எடுத்துவந்து, "மேரி, சாப்டியா?" என்று கேட்பார். முள் மறுபடி இறங்கிவிடும். அவள் திட்டுவாள். மார்ச் மாதம் அவர் இறந்துபோனார்.

அதன்பின் டிரைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புது டிரைவர் இருளப்பனுக்கு இன்று முதல் நாள். லாரியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். எழும்பிய முள் மறுபடி இறங்கியது.

"என்னக்கா இது? வண்டி அங்கதானே நிக்குது."

மணி ஒன்றரை.

"நான் சாப்டேன். செத்த நகருங்க," என்றாள் மேரி, வெறும் ரோட்டைப் பார்த்து.

முள் அசையவில்லை.

டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாள். முள் மெதுவாக மேலே வந்து நின்றது. வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் அளவை எழுதினாள். மார்ச்சுக்குப் பிறகு அந்த நோட்டில் ஒன்றரை மணி அளவுகள் எல்லாமே கோணல் கையெழுத்துதான்.