பத்து வயது குறைந்தவர்

"என்ன பாய், திடீர்னு பத்து வயசு குறைஞ்சு போச்சே! என்ன லேகியம் சாப்பிடறீங்க?"

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சிரிப்பு உதட்டோடு சரி.

நசுருதீன் ஒன்றும் புரியாமல் நின்றார். மன்னார்புரத்தில் இருந்த அந்தக் கம்பெனியின் கார்டு பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். அறுபத்தேழாம் வருஷம் அது. அந்த மாதக் கடைசியோடு அவர் ரிடயர் ஆகவேண்டும்.

"ரிடயர் ஆகிறவங்க பேரை மெஷின் அச்சடிச்சுக் கொடுத்திருக்கு. உங்க பேரைக் காணோம். என்னடான்னு பார்த்தா, உங்க கார்டுல மட்டும் 1909க்குப் பதிலா 1919ன்னு ஓட்டை போட்டிருக்கு. அடிச்சதும் உங்க ஆளு, சரிபார்த்ததும் உங்க ஆளு. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"சார், என்னையா சந்தேகப்படறீங்க?"

"சாயங்காலத்துக்குள்ள யார் வேலைன்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் இன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவேன்."

நசுருதீனுக்குக் காதெல்லாம் சுட்டது. அடுத்தவர் வாங்கிக் கொடுத்தால் ஒரு டீ கூடக் குடிக்காத மனுஷர்! போகிற நேரத்தில் இப்படி ஒரு பேரா?

கார்டு பிரிவில் வேலை இதுதான். ஒரு பெண் தாளைப் பார்த்து, கார்டில் எண்களை ஓட்டைகளாக அடிப்பாள். இன்னொரு பெண் அந்தக் கார்டை வேறொரு மெஷினில் வைத்து, அதே தாளைப் பார்த்துத் திரும்ப அடிப்பாள். ஓர் எண் ஒத்துவராவிட்டாலும் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் நகராது.

"ஒருத்தரே அடிச்சு அவரே சரிபார்க்கக் கூடாது!" என்று நசுருதீன் தினமும் தொண்டை கிழியக் கத்துவார்.

அப்படியிருக்க, இரண்டு பேரும் எப்படி ஒரே தப்பைச் செய்வார்கள்? பேசி வைத்துக்கொண்டால் உண்டு. ஆனால் அடிக்கிற சுராயாவும் சரிபார்க்கிற ராக்கம்மாளும் பேசியே மாசக்கணக்காகிறது! ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்று ஒரு சண்டை. அன்று திருப்பிக்கொண்ட முகம்தான் இரண்டும்.

"ஏம்மா சுராயா, இதென்ன?"

"கை தவறிடுச்சு சார்."

"ராக்கம்மா, நீ எப்படிம்மா விட்டே?"

"சிவப்பு லைட் எரியலையே சார்."

"நீயும் அதையே அடிச்சா எப்படிம்மா எரியும்?"

ராக்கம்மாள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நசுருதீனுக்குத் தலை சுற்றியது. ஒரு கார்டு வீணானாலும் இந்தப் பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அதற்குப் பழி வாங்குகிறார்களா? பழி என்றால் வயசைக் கூட்டி, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே! குறைப்பானேன்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

கடைசியில் தானே உட்கார்ந்து 1909 என்று புதுக் கார்டு ஒன்றை அடித்தார். ராக்கம்மாளிடம் நீட்டினார்.

"என் கண்ணெதிர்ல சரிபாரு."

ராக்கம்மாள் அடித்துக்கொண்டே வந்தாள். வருஷத்துக்கு வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"திரும்ப அடி."

மறுபடியும் சிவப்பு.

"என்னம்மா, சைபர் எங்கே இருக்குன்னு தெரியலையா?"

"தெரியுது சார். கை வரமாட்டேங்குது." சொல்லும்போதே பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

பின்னாலிருந்து சுராயா எழுந்து வந்தாள்.

"அவளைத் திட்டாதீங்க சார். முதல்ல மாத்தி அடிச்சது நான்தான். வேணும்னேதான் அடிச்சேன். தினம் நீங்க கூட வந்து பஸ் ஏத்தி விடறதாலதான் வாப்பா என்னை அனுப்பறாங்க. 'நசுருதீன் பாய் இருக்கிற வரைக்கும் வேலைக்குப் போ, அவர் போயிட்டா வீட்டோட இரு'ன்னு சொல்லிட்டாங்க சார்."

ராக்கம்மாள் சட்டென்று திரும்பினாள். "உங்க வீட்டுலயுமா?"

ஃபேன் சண்டைக்குப் பிறகு அவள் சுராயாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அன்னைக்கு லைட் எரிஞ்சுது சார்" என்றாள் நசுருதீனிடம். "யார் கார்டுன்னு எடுத்துப் பார்த்தேன். உங்களோடது. நானும் அதையே அடிச்சிட்டேன்."

நசுருதீன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை திட்டு வாங்கியும் இன்னும் பத்து வருஷம் வேண்டுமாம்!

"பைத்தியக்காரப் பொண்ணுங்களா! ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டுக்கும் வரேன். நான் பேசிக்கறேன். போய் முகத்தைக் கழுவுங்க."

குனிந்து, சைபரைத் தானே அழுத்தினார். விளக்கு அணைந்தது.

வாசலில் மேனேஜரின் குரல் கேட்டது. "என்ன பாய், ஆள் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்." நசுருதீன் நிமிர்ந்து நின்றார். "என் கார்டை நானே அடிச்சேன். நானே சரிபார்த்தேன்."

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான் அப்பவே நினைச்சேன்."