தாழ்ப்பாளில் வைத்த கை

மேற்குத் தாம்பரத்தில் ஏசுபாதத்தின் வாடகை நூலகத்துக்குள் சாயங்கால வெயில் பாதி வரை வந்து நிற்கிறது. பன்னிரண்டாவது படிக்கும் காந்திமதி நின்றபடியே படிக்கிறாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து அட்டை போட்ட மாயக்கதை, அவள் மாதக்கணக்கில் காத்திருந்த இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் வாள் பிடிக்கப் பழகிய இளவரசி இதில் கோட்டைக்கே தலைவி. வெளியே வெள்ளம். கதவைத் தட்டுகிறவர்கள் எதிரியின் பிள்ளைகள். திறந்தால் தண்ணீரும் உள்ளே வரும். இளவரசி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். காந்திமதி தாளைப் புரட்டுகிறாள். ‘அந்த இரவைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் பேசவில்லை’ என்று தொடங்குகிறது அடுத்த பக்கம். நடுவில் ஒரு தாள் கிழிந்த பிசிறு மட்டும் தையல் நூலில் தொங்குகிறது. “அண்ணா, நடுவுல ஒரு தாளே இல்ல. கதவத் தொறந்தாளா இல்லையா?” “நான் எங்கம்மா படிக்கறேன்? எவனோ கிழிச்சிக்கினு பூட்டான். இவங்களோட ஒரே பேஜாரு.” சொல்லிக்கொண்டே ஏசுபாதம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சுவரோடு ஒட்டி உட்கார்கிறார். அவர் தலைக்கு மேலே, சுவரில், ஒரு நடிகை சிரிக்கிறாள். படத்தின் இடது ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது, அடியில் அதே பத்திரிகையின் பெயர். “அத்தப் பிச்சுக் குடுங்கண்ணா.” “மைதா பசைம்மா. பிச்சா கந்தலாதான் வரும்.” அவர் குனிந்து ரப்பர் ஸ்டாம்பைத் துடைக்க ஆரம்பிக்கிறார். காந்திமதி அவர் தோளுக்கு மேலாக எட்டி ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறாள். சுண்ணாம்புதான் உதிர்கிறது. நடிகை சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், தாளின் மறுபக்கத்தில், எதிரியின் பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.