கடிகாரக் கடைக்காரி

“இந்த அம்மா வந்து நின்ன பிறகுதான் சாரோட படத்துக்கே உயிர் வந்திருக்கு, அக்கா.”

படத்துக்குச் சட்டம் போடுகிறவர் அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சுவரோரம் சாய்த்து வைத்த ஓவியங்களை இரண்டடி தள்ளி நின்று ரசித்தார்.

“எந்த அம்மா?” என்றாள் அவள், டீயை நீட்டிக்கொண்டே.

“தெரியாத மாதிரி கேக்குறீங்களே! இதோ, கடிகாரக் கடை வாசல்ல.”

அப்போதுதான் பார்த்தாள். கணவர் இரவில் தெருவில் ஸ்டாண்டை நிறுத்தி வரையத் தொடங்கி மூன்று மாதமாகிறது. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணைச் சோதிக்கிறவர், ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் படத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிடுவார். ‘நீங்களாச்சு, உங்க தெருவாச்சு’ என்று அவளும் திருப்பிப் பார்த்ததில்லை.

முதலில் வரைந்தவற்றில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மஞ்சள் விளக்கு, மழை நனைத்த தார், மூடிய கடைகள். கடைசி ஐந்து படங்களில் மட்டும், கடிகாரக் கடையின் கண்ணாடியருகே ஒருத்தி. தலையைச் சுற்றி இருண்ட சால்வை. முகம் என்று பார்த்தால் நாலு தீற்றல். முதல் படத்தில் விறைத்துக்கொண்டு நின்றவள், ஐந்தாவதில் தலையை லேசாகச் சாய்த்து, வீடு வாசலை மறந்தவள்போல நின்றாள்.

அழகிதான் என்று நினைத்தாள். முகமே இல்லாதவளிடம் என்ன அழகைக் கண்டோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் அந்த நாலு தீற்றலுக்காக அவர் அவளை எத்தனை பொறுமையாகப் பார்த்திருப்பார் என்பது புரிந்தது. அதுதான் உறுத்தியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு கோடுகூட வரைந்ததில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டிருக்கிறாள். “நீ எங்க ஒரு இடத்துல நிக்கிற? சுத்துற பம்பரத்தை எப்படி வரையறது?” என்று சிரித்தார். அன்று அவளும்தான் சிரித்தாள். இன்று சிரிப்பு வரவில்லை.

“யாரையாவது சொல்லி வச்சு நிக்க வச்சாரா அக்கா?”

“எனக்கென்ன தெரியும்? அவரையே கேளுங்க.”

“நீங்க கேளுங்க. நான் கேட்டா பதில்தான் வரும். நீங்க கேட்டா கச்சேரியே நடக்கும்.”

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, அளவெடுத்துக்கொண்டு போனார். கணவர் தலையைத் துவட்டியபடி குளியலறையிலிருந்து வந்தார்.

“யாருங்க இவ?”

“எவ?”

“உங்க கடிகாரக் கடைக்காரி.”

“ஓ, அவளா!”

அவர் முகம் மலர்ந்தது. திடுக்கிட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

“யாருன்னு தெரியாது. அஞ்சு ராத்திரியா வந்து நிக்கிறா. நான் மூட்டை கட்டுற நேரம் பாத்துக் காணாமப் போயிடுறா.”

“பேச்சு கொடுத்தீங்களாக்கும்?”

“பேசினா போயிடுவாளே.”

“போயிடக் கூடாது. ம்.”

“படம் முடியணும்ல?”

“ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறவருக்கு அவகிட்ட அப்படி என்னதான் கண்ணுல பட்டுச்சு?”

கேலி என்று தெரியாமல் அவர் உண்மையாகவே யோசித்தார். பேசாமல் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

“மொத நாள் யாரையோ அடிக்க வந்தவ மாதிரி நின்னா. அப்புறம் அந்தக் கோவம் போயிடுச்சு. ஆனா வர்றத நிறுத்தல. சும்மா பாத்துக்கிட்டே நின்னா. ஒருத்தி அவ்வளவு ஆசையா நின்னு நான் பாத்ததே இல்ல. யாருக்காக நிக்கிறாளோ, அவன் குடுத்து வச்சவன். உண்மையச் சொல்லணும்னா, அவன் மேல எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.”

பொறாமையாம்! எவளோ ஒருத்திக்காக, எவனோ ஒருத்தன் மேல்! அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

“பொய்! இட்டுக்கட்டுறதுக்கும் ஒரு அளவு வேணும். அந்தக் கடை வாசல்ல ஒரு நாளாவது ஒருத்தி நின்னாளா? ஒரு ஈ காக்கா உண்டா? உங்க மனசுல இருக்கிறவளைக் கொண்டுபோய் அங்க நிக்க வச்சிருக்கீங்க!”

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“அங்க யாரும் நிக்கலன்னு உனக்கெப்படித் தெரியும்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் ஐந்தாவது படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தை.

“அவ வாசல்ல நிக்கலதான்,” என்றார் மெதுவாக. “கடைக் கண்ணாடில தெரிஞ்சா. எனக்குப் பின்னால, பஸ் ஸ்டாப் தூண் மறைவுலதான் நின்னா…”

நிறுத்தினார். பிறகு அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திச் சொன்னார்.

“நின்னே.”